மழை இல்லாத இடி, மாதக்கணக்கில் உறங்கும் நெருப்பு... தெரியுமா?

இடி இடித்தால் என்ன செய்வோம்? மொட்டை மாடிக்கு ஓடிக் காயும் துணியை அள்ளிக்கொண்டு வருவோம். பின்னாலேயே மழை வரும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. ஆனால் இடி இடித்து, மின்னல் மேல் மின்னலாக வெட்டி, ஒரு சொட்டு மழைகூட விழாமல், பொழுது விடியும்போது காட்டில் மூலைக்கு மூலை புகை கிளம்பினால்?

2020 ஆகஸ்ட் 16. கலிபோர்னியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சான் பிரான்சிஸ்கோ பக்கம் இடிமின்னலே அபூர்வம். அதனால் விடியற்காலையில் வானம் பளிச்சிட்டதும் மக்கள் எழுந்து வந்து ஆசை ஆசையாகப் படம் பிடித்தார்கள்! அடுத்த 72 மணி நேரத்தில் மாநிலத்தில் விழுந்த மின்னல்கள் எத்தனை தெரியுமா? சுமார் 11,000! அவை பற்றவைத்த காட்டுத்தீக்கள் 600-க்கும் மேல்! அதே 16-ஆம் தேதி, அதே மாநிலத்தின் மரணப் பள்ளத்தாக்கில் வெயில் 54.4 டிகிரி செல்சியஸ்!

சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் மூண்ட தீ மட்டும் 1,490 கட்டடங்களைத் தின்றது. சுமார் 77,000 பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருந்தது. 1902-இல் உருவான, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்காவான பிக் பேசின் ரெட்வுட் காடு ஏறக்குறைய முழுவதும் கருகியது!

அதற்கு வடக்கே தனித்தனியாக 38 இடங்களில் பற்றிய தீ ஒன்றோடொன்று கைகோத்தது. 'ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர். எரிந்த பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கும் மேல்! ரோட் ஐலண்ட் என்ற அமெரிக்க மாநிலத்தைவிடப் பெரிது! கலிபோர்னியாவின் நவீன வரலாற்றில் 10 லட்சம் ஏக்கரைத் தாண்டிய முதல் தீ அதுதான். அதை முழுவதும் வளைத்துக் கட்டும்போது நவம்பர் பிறந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் வேர், நாம் கண் இமைப்பதற்குள் மறைந்துவிடும் ஒரு கீற்று!

கட்டைவிரல் அகலம், சூரியனைவிடச் சூடு!

மின்னலைப் பார்த்தால் வானத்தையே கிழிப்பதுபோல இருக்கிறது அல்லவா? உண்மையில் அந்த மின்பாதையின் அகலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான்! ஆனால் அதற்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு!

உலகம் முழுக்க நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள். இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் நூறைத் தாண்டிவிடும்! ஆண்டுக்கு ஏறக்குறைய 140 கோடி!

நீளம்? 2017 அக்டோபரில் டெக்சாஸின் கிழக்குப் பகுதியில் தொடங்கி கன்சாஸ் சிட்டி அருகில் போய் முடிந்த ஒரே மின்னல் 829 கிலோமீட்டர்! உலக வானிலை அமைப்பு அதை அளந்து உறுதி செய்யவே 2025 ஆகிவிட்டது.

தலைக்கு மேலே மேகமே இல்லையே, பயமில்லை என்று நினைக்கலாமா? கூடாது! புயல் மேகத்தின் உச்சியிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் 15 கிலோமீட்டருக்கும் அப்பால் போய், நீல வானத்தின் அடியில் விழும் மின்னலும் உண்டு!

எல்லா மின்னலும் தீ வைப்பதில்லை, ஏன்?

இவ்வளவு சூடு என்றால் விழுகிற இடமெல்லாம் எரிய வேண்டுமே? எரிவதில்லை! விளக்குச் சுடருக்குள் விரலைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், சுடாது. அதே விரலை ஒரு நொடி அங்கேயே நிறுத்தினால்? அதேதான் மின்னலிலும். பெரும்பாலான மின்னல்கள் தொட்டதும் ஓடிவிடுகின்றன. சில மட்டும் ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்குக்கும் மேலாக மின்சாரத்தை விடாமல் பாய்ச்சிக்கொண்டே நிற்கின்றன. அவைதான் காட்டைக் கொளுத்துகிறவை! நொடியில் 25-இல் ஒரு பங்கு! இமை மூடித் திறப்பதற்கும் குறைவு. மின்னலின் கணக்கில் அதுவே நீண்ட நேரம்!

மரத்தில் விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே ஓடும் ஈரம் நொடியில் ஆவியாகிப் பட்டை வெடித்துச் சிதறும். உச்சியிலிருந்து வேர் வரை சுருள்சுருளாக ஒரு நீண்ட தழும்பு இறங்கும். பச்சை மரம் பெரும்பாலும் தழும்போடு பிழைத்துக்கொள்ளும். ஆபத்து அதன் காலடியில்! பல ஆண்டுச் சருகும் ஊசியிலையும் மக்கி, மெத்தைபோலக் கிடக்கும் அந்த அடுக்குதான் பற்றிக்கொள்கிறது.

மழை எங்கே போயிற்று?

பெய்யத்தான் செய்கிறது! ஆனால் மேகத்துக்கும் தரைக்கும் நடுவே காற்று அவ்வளவு வறண்டு கிடப்பதால், துளிகள் வரும் வழியிலேயே ஆவியாகிப் போகின்றன. மேகத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் மழைத் திரை தொங்கும், மண்ணைத் தொடாது! மின்னலுக்கு அந்தத் தடை இல்லை, அது வந்து சேர்ந்துவிடும். இதைத்தான் 'உலர் மின்னல்' என்கிறார்கள். இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்தால் அது உலர் மின்னல் கணக்கு. கலிபோர்னியாவின் மத்தியிலும் வடக்கிலும் 1987 முதல் 2020 வரை விழுந்த மின்னல்களை ஆராய்ந்தபோது கிட்டத்தட்ட பாதி இந்த வகைதான்!

இன்னொரு கணக்கு. கனடாவில் மூளும் காட்டுத்தீயில் ஏறக்குறைய பாதிக்குத்தான் மின்னல் காரணம். மீதி மனிதர்கள் வைத்தது. ஆனால் எரிந்து போகும் பரப்பில்? சுமார் 85 சதவீதம் மின்னலின் கணக்கில் சேர்கிறது! காரணம் எளிது. மனிதன் வைக்கும் தீ சாலையோரத்தில், ஊர்ப் பக்கத்தில் மூளும், யாராவது பார்த்துவிடுவார்கள். மின்னல் விழுவது பாதையே இல்லாத அடர்காட்டில்!

நீறுபூத்த நெருப்பு, நிஜமாகவே!

இந்தத் தொகுப்பிலேயே என்னைத் தூங்கவிடாத சங்கதி இதுதான். மின்னல் விழுந்து, தீப்பிடித்து, அணைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய பிறகும், அந்த நெருப்பு மரப்பொந்துக்குள்ளோ வேருக்கடியிலோ சுடரும் இல்லாமல் புகையும் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும்! ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் வாரக்கணக்கில்! பிறகு ஒரு மதியம் வெயில் ஏறிக் காற்று வீசியதும் எழுந்து நிற்கும். வானத்தில் மேகமே இருக்காது. இந்தத் தீ எங்கிருந்து வந்தது என்று ஊரே திகைக்கும்!

வாரக்கணக்கோடு நின்றதா? 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் மின்னலால் மூண்ட 'கேஸில்' தீ, உலகில் உள்ள பெரிய செக்கோயா மரங்களில் 10 முதல் 14 சதவீதத்தைக் கொன்றது. ஆயிரக்கணக்கான ஆண்டு நின்ற மரங்கள்! இலையுதிர்காலம் போயிற்று, குளிர்காலம் போயிற்று, மலையில் பனி பெய்து உருகியது. 2021 மே மாதம் அந்தப் பக்கம் போன ஆய்வாளர்கள் கண்டது என்ன தெரியுமா? ஒரு செக்கோயா மரம் அப்போதும் புகைந்துகொண்டிருந்தது!

அலாஸ்காவிலும் கனடாவின் வடக்கிலும் இது இன்னும் ஒரு படி மேலே. மண்ணுக்கடியில் உள்ள கரிமண்ணில் இறங்கும் தீ, மேலே பனி மூடிக்கிடக்க, குளிர்காலம் முழுக்க உயிரோடு இருந்து வசந்தத்தில் மறுபடி தலைதூக்குகிறது. ஜாம்பி தீ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்!

அலாஸ்கா என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, மரமே இல்லாத உறைபனிச் சமவெளியில் மின்னல் காட்டுத்தீ வைக்குமா? வைத்தது! 2007 ஜூலையில் அனக்டுவுக் ஆற்றங்கரையில் விழுந்த மின்னல் 1,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் எரித்தது!

ஒரே ஒரு மின்னல்!

2019 அக்டோபர் 26. சிட்னிக்கு வடமேற்கே வொல்லெமை தேசியப் பூங்கா. கோஸ்பர்ஸ் மலைப்பக்கம் ஒரு மின்னல் விழுந்தது. ஒன்றே ஒன்று! அந்த ஒரு புள்ளியில் பிறந்த தீ வளர்ந்து, அடங்கும்போது 5 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் சாம்பல்! ஒரே இடத்தில் பற்றிய தீ இவ்வளவு காட்டை விழுங்கியது ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவானதே இல்லை!

அந்தத் தீயின் நடுவே ஒரு ரகசியம் ஒளிந்திருந்தது தெரியுமா? வொல்லெமை பைன்! டைனோசர்களின் காலத்து மர வம்சம். புதைபடிவத்தில் மட்டுமே இருக்கிறது என்று நினைத்திருந்ததை, 1994-இல் ஒரு பள்ளத்தாக்கில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். காட்டில் மிச்சம் இருப்பவை 200-க்கும் குறைவு! அந்த இடம் எது என்று இன்றுவரை வெளியே சொல்வதில்லை. தீ நெருங்கியதும் தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பள்ளத்தாக்குக்குள் தண்ணீர்க் குழாய் போட்டு மண்ணை நனைத்தார்கள். விமானங்கள் சுற்றிலும் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டின. தோப்பு பிழைத்தது! செய்தியை உலகத்துக்குச் சொன்னதே எல்லாம் முடிந்த பிறகுதான், 2020 ஜனவரியில்.

மரத்துக்குப் போர்வை போர்த்திய கதை தெரியுமா? 2021 செப்டம்பரில் கலிபோர்னியாவில் மின்னலால் மூண்ட இன்னொரு தீ, உலகிலேயே அதிகப் பருமன் கொண்ட மரமான ஜெனரல் ஷெர்மனை நோக்கி வந்தது. 84 மீட்டர் உயரம், சுமார் 2,200 வயது! தீயணைப்பு வீரர்கள் அதன் அடிமரத்தைச் சுற்றித் தீ தாங்கும் அலுமினியத் தாளைச் சுற்றிக் கட்டினார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவதுபோல! மரம் பிழைத்தது!

மின்னல் தீ வைக்கும், தீ மின்னல் வைக்கும்!

ஆமாம்! பெருந்தீயின் அனல் புகையை மேலே மேலே தள்ளி, 10 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த இடிமேகத்தைத் தானே கட்டிவிடும். நாசா அதற்கு வைத்த பெயர் நெருப்பைக் கக்கும் டிராகன் மேகம்! அதிலிருந்து மழை வருவது அபூர்வம், மின்னல் தாராளம். 2009 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவை எரித்த 'கறுப்புச் சனிக்கிழமை' தீயின் மேகம், தீ முனைக்கு 100 கிலோமீட்டர் முன்னால் மின்னலை இறக்கிப் புதுத் தீ வைத்தது!

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பக்கத்து ஆல்பர்ட்டாவிலும் 2021 ஜூன் 30 பிற்பகலில் தொடங்கி 15 மணி நேரத்தில் பதிவான மின்னல் வெட்டுகள் 7,10,117! அவற்றில் தரையைத் தொட்டவை ஒரு லட்சத்துக்கும் மேல்! காட்டுத்தீ மேகங்கள் அதில் பெரும்பங்கு போட்டன.

வீடு எப்படி எரிகிறது?

இங்கேதான் நம் எல்லோருடைய கணக்கும் தப்பு! பனைமர உயரத்துக்குத் தீச்சுவர் வந்து வீட்டை அப்படியே விழுங்கும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! காட்டுத்தீயில் எரியும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றை எரிப்பது கங்கு! காற்றில் பறந்து வரும், விரல் நுனி அளவுக் கங்கு!

தீ இன்னும் ஒரு மைல் தள்ளி இருக்கும்போதே கங்கு மழை தொடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் பட்டைகள் கனன்றபடி 30 கிலோமீட்டர் பறந்து போய் விழுந்ததும் உண்டு! ஒரு கங்கு கூரையில் விழுகிறது, ஓடு தாங்கிக்கொள்கிறது. அடுத்தது உருண்டு கூரையோர மழைநீர்க் கால்வாய்க்குள் விழுகிறது. அங்கே போன வருடத்துச் சருகு. இன்னொன்று காற்றோட்டத்துக்கு வைத்த துவாரத்தின் வழியாகக் கூரைக்கு உள்ளே போய், பழைய அட்டைப்பெட்டி மேல் உட்காருகிறது. இன்னொன்று வாசல் கால்மிதியில். நாரால் செய்த மிதியடி என்றால் அதற்குக் கொண்டாட்டம்! வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போய் மூன்று மணி நேரம் கழித்து, பக்கத்து மரமெல்லாம் பச்சையாக நிற்க, வீடு மட்டும் உள்ளிருந்து எரியும்!

தீச்சுவரின் வெப்பம் அதிகத் தூரம் எட்டாது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோயன் காட்டை எரித்தே நிரூபித்தார். கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் மரச்சுவர்களை நட்டு, எதிரே உச்சி வரை எரியும் தீயை மூட்டினார்கள். 10 மீட்டர் தள்ளி நட்டதில் சில பற்றின. 30 மீட்டர் தள்ளி நட்டதில்? ஒன்றுகூடப் பற்றவில்லை! வெறும் 30 மீட்டர்! கலிபோர்னியாவில் வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புதர் வெட்டச் சட்டமே இருக்கிறது. அதிலும் சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் எரியக்கூடிய எதுவுமே வேண்டாம் என்கிறார்கள். விறகுக் கட்டு, பூந்தொட்டிக் கம்பு, நார் மிதியடி, எதுவுமே! இந்த 5 அடி விஷயத்தை மலையோரத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது எனக்கு.

நம்ப முடியவில்லையா? தென் கரோலினாவில் ரிச்பர்க் என்ற இடத்தில், காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சோதனைக்கூடம் உண்டு. ஆறு மாடி உயரம்! உள்ளே 105 ராட்சச விசிறிகள்! நடுவில் ஒரு முழு வீட்டைக் கட்டி வைத்து, விசிறியைச் சுழலவிட்டுக் கங்கு மழை பொழிய வைப்பார்கள். வீடு எந்தச் சந்தில் முதலில் பற்றுகிறது என்று பார்க்கத்தான் இவ்வளவும்!

புதர் வெட்ட ஆள் கிடைக்காவிட்டால்? ஆடு! கலிபோர்னியாவில் பல நகரங்கள் ஆட்டு மந்தைகளை வாடகைக்கு அமர்த்திச் சரிவுகளை மேயவிடுகின்றன. நம் ஊரில் எருவுக்காகக் கிடை போடுவோம், அங்கே தீக்குப் பயந்து கிடை போடுகிறார்கள்!

இரண்டே நாளில் ஒரு ஊர்!

கனடாவின் ஜாஸ்பர். மலைகளுக்கு நடுவே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சின்ன ஊர். 2024 ஜூலை 22 அன்று அருகே மின்னல் விழுந்து தீ மூண்டது. அன்று இரவே வெளியேறும்படி உத்தரவு. ஊர்க்காரர்களும் சுற்றுலா வந்தவர்களுமாகச் சுமார் 25,000 பேர் நள்ளிரவில் மலைச்சாலையில் வரிசை கட்டினார்கள். 24-ஆம் தேதி மாலை தீ ஊருக்குள்! 1,113 கட்டடங்களில் 358 போயிற்று. மூன்றில் ஒன்று! ஆனால் ஊருக்குள் இருந்த யாரும் தீயில் சிக்கவில்லை. அந்த இரவின் உத்தரவுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்!

கண்ணாடிக்கால் முக்காலி!

மின்னலை எதிர்பார்த்து மலை உச்சியில் தனியாகக் குடியிருக்கும் வேலை ஒன்று உண்டு தெரியுமா? அமெரிக்கக் காடுகளின் தீக் கண்காணிப்புக் கோபுரம்! எழுத்தாளர் ஜாக் கெரொவாக் 1956 கோடையில் டெசலேஷன் சிகரத்தில் 63 நாள் இந்த வேலை பார்த்தார்.

அந்த அறைக்குள் ஒரு விசித்திரமான முக்காலி இருக்கும். மரப்பலகை, கால்களின் நுனியில் கனத்த கண்ணாடிக் குமிழ்கள்! தந்திக் கம்பங்களில் கம்பியைத் தாங்குமே, அதேபோல. நாலாபுறமும் ஜன்னல், உச்சியில் இடிதாங்கி, சுற்றிலும் மின்னல். காவலர் அந்த முக்காலியின் மேல் ஏறி நின்றுகொள்வார், மின்சாரம் தரை வழியே உடம்பில் ஏறாமல் இருக்க! நின்றபடியே, அறை நடுவில் இருக்கும் திசைகாட்டி வட்டத்தில் ஒவ்வொரு மின்னலும் விழுந்த இடத்தைக் குறிப்பார். புயல் ஓய்ந்த பிறகும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் அதே இடங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நீறுபூத்த நெருப்பை அவருக்குத் தெரியும்!

இன்று அந்த வேலையை வானத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோளும் பார்க்கிறது. நொடிக்கு 500 படம்!

1950-களில் அமெரிக்க வனத்துறை இன்னொன்றும் செய்து பார்த்தது. மேகத்தில் வெள்ளி அயோடைடு தூவி மின்னலையே குறைக்க முடியுமா என்று! 'ஸ்கைஃபயர்' என்று பெயர்.

எரிகிற மலையில் ஒரு தீக்குச்சி!

1949 ஆகஸ்ட் 5, மொன்டானா மாநிலம், மான் கல்ச் பள்ளத்தாக்கு. மின்னல் வைத்த தீயை அணைக்கப் பாராசூட்டில் குதித்த வீரர்கள் 15 பேர். தரையில் சேர்ந்தவர் ஒருவர். திடீரென்று தீ கீழிருந்து புல் சரிவில் அவர்களைத் துரத்தியது. ஓடி மீள முடியாது என்று தெரிந்ததும் தலைவர் வாக்னர் டாட்ஜ் என்ன செய்தார் தெரியுமா? நின்றார். தீக்குச்சியைக் கிழித்தார். எதிரே இருந்த புல்லைத் தானே கொளுத்தினார்! அது எரிந்து முடிந்த சாம்பலுக்குள் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று, எரிக்க அங்கே எதுவும் மிச்சம் இல்லை! வாருங்கள் என்று கூப்பிட்டும் யாரும் அந்தச் சாம்பலுக்குள் வரவில்லை. மேலே ஓடியவர்களில் இருவர் மட்டும் பாறை இடுக்கு வழியாகத் தப்பினார்கள். 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள்.

தீயைத் தேடி வருகிறவர்கள்!

எல்லோரும் தீயைக் கண்டு ஓடும்போது தீயை நோக்கிப் பறக்கும் ஒரு வண்டு இருக்கிறது! மெலனோஃபிலா. மார்புப் பக்கத்தில் வெப்பத்தை உணரும் குழிகள்! பல கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் காட்டை உணர்ந்து வந்து, இன்னும் ஆறாத மரத்தில் முட்டையிடும்.

நம் ஊர்ச் சந்தைக்கு மேல் வட்டமிடும் கரும்பருந்து தெரியும்தானே? அதே இனம் வட ஆஸ்திரேலியாவில் எரியும் குச்சியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுப் புல்வெளியில் போடும்! பதறி ஓடும் எலியையும் பல்லியையும் பிடிக்கத்தான்! அங்குள்ள பூர்வகுடிகள் காலங்காலமாகச் சொல்லி வந்ததை, 2017-இல்தான் ஆய்விதழ் ஒன்று பதிவு செய்தது.

கருகிய பிக் பேசினில்...

ஆரம்பத்தில் பார்த்தோமே அந்தக் காடு, அங்கே மறுபடி போவோம். ஓர் இலைகூட மிஞ்சாமல், கரிக் கம்பமாக நின்ற ரெட்வுட் மரங்கள். சில மாதங்களில் கறுத்த பட்டையைப் பிளந்துகொண்டு பச்சைத் துளிர்! எங்கிருந்து? பட்டைக்கடியில் நூற்றாண்டுகளாக உறங்கிக்கிடந்த மொட்டுகளிலிருந்து!

இலையே இல்லாத மரத்துக்குத் துளிர்க்கச் சத்து ஏது? ஆய்வாளர்கள் அந்தத் துளிர்களைக் கிள்ளி, அவற்றில் இருந்த கரிமத்தின் வயதைக் கணக்கிட்டார்கள். சில மரங்களில் அதில் பாதி வரை 57 ஆண்டுகளுக்கும் முன்னால் சேர்த்து வைத்தது! 1963-க்கும் முந்தைய வெயிலில் சமைத்த சர்க்கரை! அந்த மரம் அதைத் தொடாமல் அத்தனை காலம் உள்ளேயே வைத்திருந்திருக்கிறது, தெரியுமா?